இணை அண்டங்கள்: பொதுவாசகரிடம் எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது?

அல்சூர்வாசி எழுதியது:

நண்பர்களே, எங்கள் அபார்ட்மென்ட்டில் தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பாட்டு, பட்டிமன்றம், சாப்பாடு என்று போகும். இந்த முறை அறிவியல் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டு, தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: இணை அண்டம். முக்கால் மணி நேரம் என் பொறுப்பு. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிலிருந்து பணி ஓய்வு பெற்றவர்கள் வரை எல்லாரும் இருப்பார்கள்.

இந்த ஆர்வத்துக்குக் காரணம் நம் எல்லாருக்கும் வந்திருக்கும் அந்த வாட்ஸ்அப் செய்திதான். ‘அண்டார்டிகாவில் நாசா இணை அண்டத்தைக் கண்டுபிடித்துவிட்டது, அங்கே காலம் பின்னோக்கி ஓடுகிறது.’ 2020இல் கிளம்பியது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. யூடியூபில் தமிழில் தேடினால் இதே கதை பின்னணி இசையோடு வருகிறது. எது அளந்து கண்டது, எது கணக்கிலிருந்து வருவது, எது ஒருவருடைய யூகம் என்று பார்க்கிற பிள்ளைக்குப் பிரித்துச் சொல்ல ஆளில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை. நிஜமாகத் தெரிந்த அண்டவியலே வாயைப் பிளக்க வைக்கக்கூடியது. எதை எடுப்பது, எதை விடுவது? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜாலஹள்ளி ரேடியோ எழுதியது:

அந்த அண்டார்டிகா செய்தியிலேயே தொடங்குங்கள். எல்லாருக்கும் தெரிந்த செய்தி என்பதால் காது கொடுப்பார்கள்.

நடந்தது இதுதான். அனிட்டா என்றொரு கருவி. ரேடியோ ஆன்டெனாக்களைத் தூக்கிக்கொண்டு ஒரு ராட்சத பலூன் பனிப்பரப்புக்கு மேலே சுமார் 37 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும். நியூட்ரினோ என்பது எதோடும் அரிதாகவே மோதும் மிக லேசான துகள். மிக அதிக ஆற்றல் கொண்ட நியூட்ரினோ பனிக்குள் மோதினால் ஒரு ரேடியோத் துடிப்பு எழும், அதைப் பிடிப்பது அதன் வேலை. 2006, 2014 ஆண்டுகளில் கிளம்பிய பயணங்களில் பதிவான இரண்டு துடிப்புகள் விசித்திரமாக இருந்தன. பூமிக்குள்ளிருந்து சாய்வாக மேலே ஏறி வந்ததுபோல் தெரிந்தன. ஆற்றல் குறைந்த நியூட்ரினோ பூமியைத் துளைத்துப் போய்விடும், ஆனால் அந்த ஆற்றலில் ஒரு நியூட்ரினோவால் அவ்வளவு பாறையைக் கடக்க முடியாது. அதனால் அது புதிர்.

இதற்குச் சம்பந்தமில்லாமல் 2018இல் பாயில், ஃபின், டுரோக் என்ற மூவர் ஒரு கோட்பாட்டை எழுதினார்கள். பெருவெடிப்புக்கு அந்தப் பக்கம், காலம் எதிர்த்திசையில் செல்லும் எதிர்ப்பொருள் அண்டம் ஒன்று இருந்தால் சில கணக்குகள் அழகாகப் பொருந்துகின்றன என்பது அதன் சாரம். அந்தக் கோட்பாட்டில் வரும் ஒரு துகளால் பலூன் பிடித்த துடிப்பை விளக்கலாமோ என்று வேறு சிலர் யோசித்தார்கள். ஓர் ஆங்கில இதழ் இரண்டையும் சேர்த்துக் கட்டுரை போட்டது. அங்கிருந்து எடுத்த செய்தித்தாள்கள் ‘இருக்கலாமோ’வைக் கழற்றிவிட்டன, நாசா பெயரை ஒட்டின. அந்தப் பலூனுக்குப் பணம் கொடுத்துப் பறக்கவிட்டதைத் தாண்டி இந்தக் கண்டுபிடிப்புக் கதையில் நாசாவுக்குப் பங்கில்லை.

தென்துருவத்தில் பனிக்குள் நியூட்ரினோவைத் தேடும் ஐஸ்கியூப் கருவியும் அதே திசைகளில் தேடிப் பார்த்தது. அப்படி நியூட்ரினோவை அனுப்பும் இடம் எதுவும் தென்படவில்லை. பனிக்கு உள்ளே இருக்கும் அடுக்குகளில் பட்டுத் திரும்பிய சாதாரணத் துடிப்பாக இருக்கலாம் என்ற விளக்கமும் 2020லேயே வந்துவிட்டது. அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

தங்கவயல் பிள்ளை எழுதியது:

நியூட்ரினோ என்று கேட்டதும் உள்ளே வந்துவிட்டேன். நான் கே.ஜி.எஃப்.காரன், அதாவது கோலார் தங்கவயல்காரன், எங்கள் குடும்பமே சுரங்கத்தை நம்பி இருந்தது. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை உலகத்தில் முதலில் கண்ட இடங்களில் ஒன்று எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கம். வருடம் 1965. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. கருவிகள் வைத்த ஆழம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். மேலே இருந்து கொட்டும் மற்ற துகள்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் சட்டை செய்யாமல் வரும், அதற்காக அவ்வளவு ஆழம். ஏறக்குறைய அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள்.

2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, ரயில் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய ஊரில் இப்படி ஒன்று நடந்தது என்றே தெரியாது. தயவுசெய்து ஒரு நிமிடமாவது சொல்லுங்கள்.

நித்யா_விண் எழுதியது:

அல்சூர்வாசி அண்ணா, நான் இங்கே அண்டவியலில் ஆய்வு மாணவி. என் ஒரே வேண்டுகோள்: ‘இணை அண்டம்’ என்று ஒற்றை எண்ணில் பேசாதீர்கள். அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று உறவில்லாத குறைந்தது மூன்று கருத்துகள் உலவுகின்றன. வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்குவதால்தான் குழப்பமே வருகிறது.

முதல் வகை, நம் பார்வைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் அதே அண்டத்தின் மிச்சம். அண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். அதற்குள் நமக்கு வந்து சேர்ந்த ஒளியை மட்டும்தான் பார்க்கிறோம். அந்த எல்லைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு இதில் தகராறு கிடையாது. அண்டம் முடிவில்லாமல் போகிறதா என்பதுதான் தெரியாது. வெளியின் வளைவை அளந்து பார்த்தால், அளவீட்டின் துல்லியத்துக்குள் அது தட்டையாகவே வருகிறது. முடிவில்லாமல் போகிறது என்று வைத்துக்கொண்டால், அணுக்களை அடுக்கும் விதங்களுக்கு ஒரு கணக்கு இருப்பதால், எங்கோ ஓரிடத்தில் இதே அடுக்கு, இதே பெங்களூர், இதே நான் திரும்ப வர வேண்டும். தூரத்தைச் சொல்ல முடியுமா என்றால், ஒன்றுக்குப் பின்னால் போட வேண்டிய சுழியங்களை எழுதவே இந்த உலகத்துக் காகிதம் போதாது.

இரண்டாவது வகை வீக்கக் கோட்பாட்டிலிருந்து வருவது. பெருவெடிப்பின் மிச்சமாக வானத்தின் இரண்டு எதிர் மூலைகளிலிருந்து வரும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில், 2.725 கெல்வினில் இருக்கிறது. வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒன்றையொன்று தொட்டே இராத இரண்டு மூலைகளுக்கு எப்படி இந்த ஒற்றுமை? 1980 வாக்கில் ஆலன் கூத் என்ற இயற்பியலாளர் ஒரு பதில் சொன்னார். தொடக்கத்தில் ஒரு நொடியின் கற்பனைக்கெட்டாத துணுக்கு நேரத்தில் வெளி படுவேகமாக வீங்கியது, அதற்கு முன்னால் இரண்டும் பக்கத்தில்தான் இருந்தன என்றார். பிறகு விலென்கின், லிண்டே ஆகியோர் கணக்கை மேலே கொண்டு போனபோது, பல மாதிரிகளில் இந்த வீக்கம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை என்று தெரிந்தது. ஓரிடத்தில் நின்றால் அங்கே ஓர் அண்டம் பிறக்கும், மற்ற இடங்களில் வீக்கம் தொடரும், இன்னோர் அண்டம், இன்னோர் அண்டம். ஒவ்வொன்றிலும் இயற்கையின் மாறிலிகள் வேறு வேறாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவது வகைக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1957இல் பிரின்ஸ்டனில் ஹ்யூ எவரெட் என்ற மாணவர் தன் ஆய்வேட்டில் எழுதியது. குவாண்டம் சமன்பாட்டின்படி ஒரு துகள் ஒரே சமயத்தில் பல நிலைகளின் கலவையாக இருக்கலாம். அளந்து பார்த்தால் ஒன்றுதான் கிடைக்கிறது. மற்றவை எங்கே போயின? எங்கும் போகவில்லை, அளந்தவரும் சேர்ந்தே கிளைத்துவிட்டார், ஒவ்வொரு கிளையிலும் ஒரு விடை என்றார் எவரெட். படங்களில் கதவைத் திறந்து அடுத்த உலகத்துக்குள் நுழைகிறார்களே, அதற்கு இதில் இடமே கிடையாது. பிரிந்த கிளைகள் ஒன்றையொன்று எட்டிப் பார்க்க முடியாது.

முதல் வகை நமக்குத் தெரிந்த இயற்பியலின் இயல்பான நீட்சி. இரண்டாவது, வலுவான ஆனால் இன்னும் உறுதியாகாத ஒரு கோட்பாட்டின் விளைவு. மூன்றாவது, உறுதியாகத் தெரிந்த சமன்பாட்டுக்கு ஒரு விளக்கம். அதே சமன்பாட்டுக்கு வேறு விளக்கங்களும் இருக்கின்றன. இந்த வேறுபாடு கேட்பவர் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பனசங்கரி பாலு எழுதியது:

ஒரு சந்தேகம். வயது 1380 கோடி ஆண்டு என்றால் நாம் பார்க்கும் எல்லை 1380 கோடி ஒளியாண்டு தூரத்தில்தானே இருக்க வேண்டும்? எல்லா இடத்திலும் 4,650 கோடி ஒளியாண்டு என்று போட்டிருக்கிறார்கள்.

நித்யா_விண் எழுதியது:

ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுக்க வெளியும் விரிந்துகொண்டே இருந்தது அண்ணா. ஒளி புறப்பட்ட இடம் அன்று நமக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்று அது விலகிப் போய் நிற்கும் தூரம்தான் 4,650 கோடி. அந்தப் பழைய ஒளி, பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டது. 1964இல் பென்சியாஸும் வில்சனும் ஆன்டெனாவில் போகாத இரைச்சல் ஒன்றைத் துரத்திக்கொண்டு போய்க் கடைசியில் கண்டது இதைத்தான்.

ஆர்.டி.நகர் வாத்தியார் எழுதியது:

முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று. விரியும் வெளிக்கு எல்லாரும் பலூனைத்தான் காட்டுவார்கள், நீங்களும் காட்டுங்கள். ஆனால் பேனாவால் புள்ளி வைக்காதீர்கள். ஊதும்போது புள்ளியும் பெரிதாகும், பிள்ளைகள் நட்சத்திரமும் பூமியும் நாமும் சேர்ந்தே வீங்குகிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். பொட்டு அப்படியே இருக்கும், இடைவெளி மட்டும் கூடும். பால்வீதி போன்ற விண்மீன் மண்டலங்கள் ஈர்ப்பால் கட்டுண்டு தம் அளவிலேயே இருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும்.

ஊதுவதற்கு முன்பே, பலூனின் மேல்தோல் மட்டும்தான் அண்டம், உள்ளே இருக்கும் காற்று கணக்கில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ‘சார், நடுவில் என்ன?’ என்று முதல் கை தூக்கும். எந்த வகுப்பிலும் அந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை.

மல்லேஸ்வரம் அம்மா எழுதியது:

நான் அறிவியல் படித்தவள் இல்லை, ஆனால் ஒன்று கேட்க வேண்டும். என் மகன் ஏழாவது படிக்கிறான். போன வருடம் என் மாமனார் தவறிவிட்டார். அவன் தாத்தாவோடுதான் தூங்குவான். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, “வேற ஒரு உலகத்துல தாத்தா சாகாம இருக்காராம்மா? அங்க போக முடியுமா?” என்றான். எனக்கு வாயே வரவில்லை. உங்களுக்கெல்லாம் இது கோட்பாடு. அவன் அன்று இரவு முழுவதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தான். என்ன சொல்வது?

நித்யா_விண் எழுதியது:

அக்கா, போக முடியாது என்பதை மட்டும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். எந்த வகையை எடுத்தாலும் இதே பதில்தான். முதல் வகையில் அந்த இடங்கள் ஒளியே எட்டாத வேகத்தில் விலகுகின்றன. இரண்டாவதில் இடையே உள்ள வெளி வீங்கிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதில் கிளைகளுக்கு நடுவே வழியே இல்லை. ‘இருக்கிறாரா’ என்பதற்கு, யாரும் பார்த்ததில்லை, பார்க்க வழியும் இல்லை என்பதைவிட நேர்மையான பதில் என்னிடம் இல்லை. அந்த வீடியோவை எடுத்தவர், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் இதை நம்பி ராத்திரி விழித்திருப்பான் என்று ஒரு கணம் நினைத்திருந்தால் ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல்லைப் போட்டிருக்க மாட்டார்.

ஆர்.டி.நகர் வாத்தியார் எழுதியது:

அம்மா, பையன் கேட்டது அண்டத்தைப் பற்றி இல்லை. தாத்தாவைப் பற்றி. அவரைப் பற்றி அவனோடு நிறையப் பேசுங்கள். படம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள், அவர் சொன்ன கதைகளை அவனையே சொல்லச் சொல்லுங்கள். அறிவியலுக்கு அவசரமில்லை, அவன் தயாரானதும் அவனே வந்து கேட்பான்.

சர்ஜாபூர் சாலை எழுதியது:

இதைப் படித்த பிறகு என் எதிர்ப்பு இன்னும் கூடுகிறது. பார்க்கவே முடியாத ஒன்றை ஏன் அறிவியல் மேடையில் ஏற்ற வேண்டும்? இது என் கருத்து மட்டும் இல்லை. 2014இல் அண்டவியலாளர்கள் ஜார்ஜ் எல்லிஸும் ஜோ சில்க்கும் நேச்சர் இதழில் இதைத்தான் எழுதினார்கள்: சோதனை என்ற அளவுகோலைத் தளர்த்தினால் இயற்பியலின் நம்பகத்தன்மையே போய்விடும். வீக்கக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட்டே அதற்கு எதிராகத் திரும்பிவிட்டார். எது வேண்டுமானாலும் எங்காவது நடக்கும் என்று சொல்லும் கோட்பாடு எதையும் முன்கூட்டிச் சொல்லாது என்பது அவர் வாதம். பிள்ளைகளிடம் பேசும்போது இதை எல்லாம் விட்டுவிட்டு விண்மீன், கோள், கருந்துளை என்று பேசினால் என்ன குறை?

நித்யா_விண் எழுதியது:

சார், எல்லிஸ் எழுதியதை நானும் மதிக்கிறேன். ஆனால் ஸ்டைன்ஹார்ட் 2017இல் இன்னும் இருவரோடு சேர்ந்து வீக்கக் கோட்பாட்டுக்கு எதிராக எழுதியபோது, 33 ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட்டு மறுப்பு எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சண்டை இன்னும் நடக்கிறது.

பார்க்க முடியாததால் சோதிக்கவே முடியாது என்பதும் முழுதாகச் சரியில்லை. வேறோர் அண்டக் குமிழி நம்முடையதோடு எப்போதாவது உரசியிருந்தால் நுண்ணலைப் பின்னணியில் வட்டத் தழும்பு இருக்க வேண்டும். 2011இல் டபிள்யூமேப் செயற்கைக்கோளின் தரவில் அதைத் தேடினார்கள். உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதும் ஒரு முடிவுதான்.

இன்னொன்று. 1987இல் ஸ்டீவன் வைன்பெர்க் என்ற இயற்பியலாளர் ஒரு வாதம் வைத்தார். வெற்றுவெளிக்கு என்று ஓர் ஆற்றல் இருந்து, அது அளவுக்கு மீறி இருந்தால் விண்மீன் மண்டலங்களே திரண்டிருக்க முடியாது. பல அண்டங்களில் பல அளவுகள் இருந்தால், கேள்வி கேட்க ஆள் இருக்கும் அண்டத்தில் அது சிறியதாக, ஆனால் சுழியம் இல்லாததாக இருக்கலாம் என்றார். 1998இல் வெடித்துச் சிதறும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களை வைத்து அளந்தபோது அண்டம் முடுக்கத்தோடு விரிவது தெரிந்தது. அந்த ஆற்றலின் அளவு வைன்பெர்க் சொன்ன வரம்புக்குள்தான் இருந்தது. இது பல அண்டங்களுக்குச் சான்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெறும் கதை என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

சர்ஜாபூர் சாலை எழுதியது:

ஒரே ஓர் அண்டத்தை வைத்துக்கொண்டு செய்யும் இந்தப் புள்ளியியலை நான் ஏற்கவில்லை. மாதிரியில் ஒன்றே ஒன்று இருந்தால் சராசரி எங்கிருந்து வரும்? ஆனால் தழும்பைத் தேடினார்கள், கிடைக்கவில்லை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தேடியதைச் சொன்னால் அது அறிவியல் வகுப்பாக இருக்கும்.

சோமேஸ்வரர் கோயில் தெரு எழுதியது:

அகிலாண்டகோடி என்று நாம் எப்போதோ பாடிவிட்டோமே! கோடிக்கணக்கான அண்டங்கள் உண்டு என்று நம் அடியார்கள் சொன்னதைத்தான் இவர்கள் இப்போது கண்டுபிடிக்கிறார்கள். இதையும் மேடையில் சொல்ல வேண்டும்.

ஆர்.டி.நகர் வாத்தியார் எழுதியது:

ஐயா, அந்த வரிகளை ஓதும்போது எனக்கும் மெய் சிலிர்க்கும். நம்மைவிடப் பெரிய ஒன்றின் முன்னால் மனம் கரைந்து நிற்கும் பாட்டு அது. அடியார் அண்டங்களை எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்திருந்தால் அந்தப் பாட்டு வந்திருக்காது. அதற்கு வைன்பெர்க்கின் கையெழுத்து தேவையில்லை. நாளைக்கே வீக்கக் கோட்பாடு தப்பு என்று ஆனாலும் பாட்டுக்கு ஒரு குறையும் வராது. இரண்டையும் முடிச்சுப் போட்டால்தான் அந்த ஆபத்து வரும். மேடையில் தொடக்கப் பாடலாக நீங்களே பாடுங்கள், பொருத்தமாக இருக்கும்.

ஜாலஹள்ளி ரேடியோ எழுதியது:

சர்ஜாபூர் சாலை சொன்ன ‘தேடியதைச் சொல்லுங்கள்’ என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சதாசிவநகரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சரஸ் கருவி.

முதல் விண்மீன்கள் ஒளிர்ந்த காலத்தில் ஹைட்ரஜன் வாயு விட்டுச்சென்ற ரேடியோத் தடம் ஒன்றைக் கண்டதாக, 2018இல் ஆஸ்திரேலியப் பாலைப் பகுதியில் கருவி வைத்திருந்த அமெரிக்கக் குழு அறிவித்தது. 78 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ அலையின் வலிமை குறையும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் எதிர்பார்த்ததைவிட அதிக ஆழம். அது நிஜமென்றால் அண்டவியலில் புதிதாக எதையாவது சேர்த்தாக வேண்டும். உலகம் முழுக்கக் கட்டுரைகள் குவிந்தன.

நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆன்டெனாவைத் தரையில் வைத்தால் அடியில் உள்ள மண்ணும் ஈரமும் பாறையும் அளவீட்டைக் குழப்பும். தண்ணீர் என்றால் அடியில் ஒரே சீராக இருக்கும். அதனால் ஆன்டெனாவையே மிதவையில் ஏற்றி, 2020இல் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் தேங்குநீரிலும் மிதக்கவிட்டார்கள். நகர இரைச்சலும் பண்பலை வானொலியும் குறைவாக எட்டும் இடங்கள். தரவை அலசி 2022இல் வெளியிட்ட முடிவு: அப்படி ஒரு பள்ளம் இல்லை. நான் ரேடியோத் துறையில் வேலை பார்த்தவன், அந்த அலைவரிசையில் இவ்வளவு நுணுக்கமாக அளப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஏரியில் மிதக்கும் ஓர் ஆன்டெனா, உலகமே பேசிய ஒரு செய்தியைச் சோதித்துவிட்டு வந்தது. பிள்ளைகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அல்சூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பேச்சு இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. ஐயாவின் பாட்டு, அண்டார்டிகா, கோலார் சுரங்கம், பொட்டு ஒட்டிய பலூன், நுண்ணலைப் பின்னணி. அப்புறம் நித்யா சொன்ன மூன்று வகை, ஒவ்வொன்றிலும் அளந்தது எது, யூகம் எது என்று அங்கேயே சொல்லிவிடுவேன். சர்ஜாபூர் சாலை சாரின் எதிர்ப்புக்குத் தனியாகப் பத்து நிமிடம், அவரே வந்து பேசினால் இன்னும் நல்லது. கடைசியில் சரஸ்.

நுண்ணலைப் பின்னணியைக் கண்ணுக்குக் காட்ட ஏதாவது வழி உண்டா? படம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் அசர மாட்டார்கள்.

தங்கவயல் பிள்ளை எழுதியது:

பழைய டிவியில் சேனல் வராதபோது புள்ளி புள்ளியாக இரையுமே, அதில் ஒரு சிறு பங்கு அந்தக் கதிர்வீச்சுதான் என்று படித்திருக்கிறேன். சரிதானா? என் வீட்டுப் பரணில் அப்படி ஒரு டிவி கிடக்கிறது.

ஜாலஹள்ளி ரேடியோ எழுதியது:

சரிதான், கேபிள் டிவிக்கு முந்தைய பெட்டியாக இருக்க வேண்டும், ஆன்டெனா செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பங்கு மற்ற இரைச்சல்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆன்டெனாவை நான் கொண்டுவருகிறேன்.

சர்ஜாபூர் சாலை எழுதியது:

எந்த ஞாயிறு என்று போடுங்கள். வருகிறேன்.